சக்கரக் குழியில் ஐந்து நிமிஷம்

கோமதியம்மன் சந்நிதிக்கு எதிரே, தரையில் பள்ளமாக இருக்கிற சக்கரக் குழியில் பொன்மணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்தால் மனசு அடங்கும் என்பார்கள். மூன்று மாதமாகத் தூக்கமில்லாதவள், யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் மூச்சுப் பயிற்சி சொன்னார். இவள் இழுத்த இழுப்பில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் மூக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. மதினி மந்திரம் சொல்லிக் கொடுத்தாள். நாலாம் நாளே சுவர்ப்பல்லி அதைப் பிழையில்லாமல் சொன்னது. கடைசியில் யாரையும் கேட்காமல் இவளே தேர்ந்தெடுத்தது, தினமும் இங்கே ஐந்து நிமிஷம் சும்மா இருப்பது. விளக்கின் மஞ்சள் ஒளி அவள் மூக்குத்தியில் நிற்கிறது. எங்கோ தேங்காய் உடைகிறது. பின்னால், குழியில் உட்காரக் காத்திருக்கிறவர்களின் வரிசை. முதல் ஆளான மகாராஜன் குனிந்து, “முதுக நிமித்து தாயி, கூன் போட்டா சக்தி எப்படி ஏறும்?” என்கிறார். “கண்ண இறுக்காதட்டி, லேசா மூடு” என்கிறாள் அவருக்குப் பின்னால் நிற்கிறவள். “சீக்கிரம் அமைதியாவும்மா, கரிவலம் பஸ் போயிரும்” என்கிறது இன்னொரு குரல். பொன்மணியின் இமை துடிக்கிறது. ஒருத்தி சும்மா இருப்பதற்குக்கூட ஊரே வாத்தியாராக வேண்டுமா? விருட்டென்று எழுந்து, “நீங்க உக்காருங்க அண்ணாச்சி” என்கிறாள். மகாராஜன் உட்கார்ந்து கண்ணை மூடுகிறார். அவள் போகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் காதருகே குனிகிறாள். “தோள இறக்குங்க அண்ணாச்சி. மூச்ச எங்க ஒளிச்சு வச்சிருக்கீய? மூஞ்சில சாந்தமே இல்லையே.” அவர் காது மடல் சிவக்கிறது, பல் நறநறக்கிறது. பொன்மணிக்கு, தாடை கழன்றுவிடும்போல, நிறைவாக ஒரு கொட்டாவி வருகிறது.