செல் பிரியும் விழா

சகலருக்கும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், இன்று காலை பதினொரு மணிக்கு, மாண்புமிகு அமைச்சர் முன்னிலையில், ஒரு செல் இரண்டாகப் பிரியும்.

அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

செல்லைக் கேட்கவில்லை.

ஆராய்ச்சி மாணவியான அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆய்வகத்தின் பெரிய திரையிலும் அதே காட்சி. குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நின்றன. இரண்டு பக்கமிருந்தும் இழைகள் வந்து ஒவ்வொன்றையும் பிடித்திருந்தன.

ஒன்றைத் தவிர.

அதையும் இழை பிடிக்கும்வரை செல் பிரியாது. எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் மொத்தமும் நுண்ணோக்கியின் கீழிருந்த அந்தச் செல் வளர்ப்புத் தட்டில் இருந்தது.

இயக்குநர் தணிகைவேல் அவள் காதருகே குனிந்தார்.

"என்னம்மா, இன்னும் பிரியலையா? ஐயாவுக்கு அடுத்து ஒரு கல்யாணம் இருக்கு."

"ஒண்ணு மாட்டல சார்."

"ஒண்ணுதானே? மத்ததெல்லாம் மாட்டிருச்சுல்ல? அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போகச் சொல்லு."

அமைச்சர் வந்ததே மத்தியானம். அதுவரை மாலையும் கையுமாக வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற மனுஷன் இந்த இயக்குநர். செல்லுக்குக் கொடுக்கத்தான் நேரமில்லை.

"அந்த மருந்த ஊத்து. காத்திருக்காம பிரிய வைக்குமே, அது."

"ஊத்துனா தட்டு மொத்தமும் வீணாயிரும் சார். என் தீசிஸ்..."

"தீசிஸ்ல யாரு கையெழுத்துப் போடணும்?"

அவள் கை நகரவில்லை.

அவரே ஊற்றினார். கையுறைகூடப் போடாமல்.

சற்று நேரத்தில் செல் பதறிப் பிரிந்தது. இழை பிடிக்காத குரோமோசோம், பிரியாமல் முழுசாக, இடப்பக்கத்துக்குள் சிக்கிக்கொண்டது. அங்கே ஒன்று கூடுதல். வலப்பக்கம் ஒன்று குறைவு. தட்டில் மற்ற செல்களும் எதற்கும் காத்திராமல் பிய்ந்துகொண்டிருந்தன.

கைதட்டல் ஓயவில்லை.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்றார் அமைச்சர்.

"ரெண்டும் சிங்கக்குட்டிங்கய்யா!" என்றார் தணிகைவேல்.

அறை குலுங்கியது. கேமராக்கள் மின்னின. இயக்குநர் பூரித்துப்போய் மைக்கை அவளிடம் நீட்டினார்.

"ஐயாவுக்கு ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

அவள் எழுந்தாள். மைக்கை இறுக்கிப் பிடித்தாள்.

"ரெண்டும் செத்துரும்யா."