எறும்பு எழுதிய கணக்கு

யானையின் கணக்கை மைனாதான் எழுதிவந்தது. தின்றது இத்தனை கிளை, முறித்தது இத்தனை மரம் என்று மாலைதோறும் வாசித்துக் காட்டும். கேட்டுக் கேட்டு வெட்கிப்போன யானை, காட்டைவிட்டே போய்விட நினைத்தது. அதற்கு முன் கணக்குப்பிள்ளையை மட்டும் மாற்றிப் பார்த்தது.

புதிதாக வந்த எறும்பு, “நீங்க நடந்த வழியைக் காட்டுங்க அண்ணே” என்றது.

“அங்கே வெறும் சேறுதானே இருக்கு?”

“மைனாக்கா பறந்துக்கிட்டே எழுதினவங்க. நீங்க குனிஞ்சு பாருங்க.”

யானை குனிந்தது. அதன் காலடிக் குழிகளிலெல்லாம் மழைநீர் தேங்கியிருந்தது. நீருக்குள் தலைப்பிரட்டைகள் வாலாட்டி நீந்தின.

“முதல் குழியில் நாற்பத்திரண்டு உயிர்” என்று எழுதிக்கொண்டது எறும்பு. “அடுத்த குழிக்குப் போகலாம், வாங்க.”

காட்டைவிட்டுப் போக இருந்த யானை, தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மூச்சைப் பிடித்தபடி நின்றது.