ஆறாவது எண்

“எம் மவ இந்தக் கணக்குல கை வைக்கக் கூடாது. அதுக்கு என்ன வழின்னு பாத்துச் சொல்லு தாயி.”

தன் பட்டன் போனை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார் குத்தாலிங்கம். தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் முத்துச்செல்விக்கு ஆளைக் கண்டதுமே பிடிக்காமல் போயிற்று. பெற்ற மகளுக்கு எதிராக வழி கேட்டு வந்தவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

சுரண்டையில் சின்ன வெங்காயம் பயிர் செய்கிறவராம். அங்கே இல்லாத கம்ப்யூட்டர் சென்டரா என்று கேட்டாள்.

“அங்கன பூராவும் சொந்தக்காரப் பயலுவ. ஒருத்தன் வாயும் சும்மா கெடக்காது” என்றார்.

முத்துச்செல்வி போனை எடுத்துப் பார்த்தாள். மாணவர் உதவித்தொகை இணையதளத்திலிருந்து காலையில்தான் இரண்டு ஓடிபி வந்திருந்தன.

“இது உங்க மவளோட ஸ்காலர்ஷிப் கணக்குல்லா அண்ணாச்சி? ஆரம்பிக்கையில உங்க நம்பரக் குடுத்திருக்கா.”

“அப்ப அவகிட்ட போன் ஏது? தாயில்லாப் பிள்ள. நாந்தான் கூட்டிட்டுப் போயி பதிஞ்சேன். வருசா வருசம் இதுல நம்பர் வரும். அவ போன் போட்டுக் கேப்பா. ஆறு நம்பரயும் சொல்லுவேன், வெச்சிருவேன். வேற பேச்சு கெடையாது. இந்த வருசம் வந்திருக்கது வேற மாதிரி இருக்கு, எதையோ மாத்துதா. அதான் வந்தேன்.”

“இது மொபைல் நம்பர மாத்துததுக்கு. உங்க நம்பர எடுத்துட்டு அவ நம்பரப் போடப் போறா. பழைய நம்பருக்கு வந்தத நீங்க சொன்னாத்தான் மாத்த முடியும்.”

“நான் சொல்லலேன்னா?”

கேட்ட விதத்தில் முத்துச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காலையில ரெண்டு தடவ சொல்லாம விட்டிருக்கீங்க. மூணாவதும் விட்டா கணக்கு பூட்டிக்கிடும். புதுப்பிக்க இன்னைக்குத்தான் கடைசி நாளு. பூட்டிட்டா இந்த வருசப் பணம் போச்சு, பிள்ள படிப்பும் நின்னுரும். அதுக்குத்தான் பிரியப்படுதீங்களா?”

குத்தாலிங்கம் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்படி என்ன தப்புப் பண்ணிட்டா?”

“கூடப் படிச்ச பையனக் கட்டிக்கிட்டா. வேற சாதி. சொந்தக்காரங்க என்னைய குத்தாலம் மெயினருவிக்குக் கூட்டிட்டுப் போயி, மவ செத்துட்டான்னு தலைமுழுகச் சொன்னாங்க. முழுகிட்டு வந்தேன். நானா ஒரு நாளும் அவளுக்குப் போன் போட மாட்டேன்னு சாமி முன்னால சத்தியமும் பண்ணிக் குடுத்தேன்.”

சீசனுக்கு ஊர் உலகமெல்லாம் சிரித்துக்கொண்டு குளிக்கிற அருவி. அதில் போய்ப் பெற்ற பிள்ளையைக் கழுவி விட்டுவிட்டு வந்திருக்கிறார் இந்த மனுஷன். இவருக்கு என்ன வழி சொல்ல என்று முத்துச்செல்விக்குக் கசந்தது.

போனில் வேறு செய்தி ஏதும் இருக்கிறதா என்று தேடினாள். கம்பெனிக்காரன் அனுப்புகிற விளம்பரம்கூட இல்லை, எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தார். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் வந்த ஓடிபிகள் மட்டும் அப்படியே இருந்தன.

“இதெல்லாம் செல்லாத நம்பர் அண்ணாச்சி. அழிச்சிரட்டா?”

சட்டென்று போனை வாங்கிக்கொண்டார். “அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

அப்போதுதான் போன் ஒரு தரம் அதிர்ந்தது. மூன்றாவது ஓடிபி. முத்துச்செல்வி எட்டிப் பார்த்து ஆறு எண்களையும் துண்டுச் சீட்டில் எழுதி அவர் முன்னால் தள்ளினாள். அடுத்த நிமிஷமே அழைப்பும் வந்தது. காது கொஞ்சம் மந்தம் போல, அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

“அப்பா, குழலி பேசுதேன்.”

குழல்வாய்மொழி என்று குத்தாலத்து அம்மன் பேரை ஆசையாக வைத்த பிள்ளை போலும். குரல் பயந்து பயந்து வந்தது.

“நம்பர் வந்திருக்கும்ப்பா. காலையில ரெண்டு தடவயும் நீங்க எடுக்கல. இந்த ஒரு தடவ சொல்லிருங்க. அடுத்த வருசத்துல இருந்து எல்லாம் எனக்கே வந்துரும். இனிமே உங்களத் தொந்தரவு பண்ணவே மாட்டேன்.”

குத்தாலிங்கம் சீட்டைத் தொடக்கூட இல்லை. முத்துச்செல்விக்குப் போனைப் பிடுங்கித் தானே சொல்லிவிடலாமா என்றிருந்தது.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் தணிந்த குரலில். “படிக்கித பிள்ள வயித்துல அடிக்காதீங்க.”

அவர் சீட்டைக் கையில் எடுத்தார்.

“நாலு” என்றார்.

“சொல்லுங்கப்பா.”

“ஏழு.”

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒன்று. ஒன்பது. மூன்று. அதோடு நின்றுவிட்டார்.

“இன்னும் ஒண்ணு இருக்குப்பா.”

அவர் சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டார்.

“அப்பா? நேரம் முடியப் போகுது. கடைசி நம்பர் என்னப்பா?”

இவ்வளவு தூரம் வந்து இந்த ஆள் கழுத்தறுக்கிறாரே என்று முத்துச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். குத்தாலிங்கம் போனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“நம்பர மாத்திட்டா, பொறவு நீ எதுக்குட்டி எனக்குப் போன் பண்ணுவ?”