ஹிங்கே ஏன் சர்ச்சுக்குப் போகவில்லை?

"பார்த்தியாடி இந்த அநியாயத்தை! இந்த ஞாயித்துக்கிழமையும் அவ ஆராதனைக்குப் போகல!"

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த சீட்ஸ்கேவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு ஹிங்கே வாசலில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் மட்டும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு சர்ச்சுப் பக்கம் நடையைக் கட்டினான்.

"நீங்களும்தான் போகலையே, அக்கா?" என்றாள் ரோசெட், அலமாரி மறைவிலிருந்து.

"நான் போகாதது உனக்காகடி! ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவர்னு முறை போட்டுக்கிட்டு உனக்குக் காவல் இருக்கோம். அவளுக்கு என்ன கேடு? சர்ச்சையே ரெண்டா உடைச்சுக்கிட்டுப் போனாளே மகராசி, அந்தப் புது சர்ச்சுக்காவது ஒழுங்கா போக வேணாமா?"

ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்தபோதுகூட ஒற்றுமையாக இருந்த ஊர் அது. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் அப்படி ஒரு ஊரைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கிற ஞானஸ்நானத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு கேள்வி வந்ததே, அதில் ஊரே இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடிய சீட்ஸ்கேவும் ஹிங்கேவும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். வாய்க்கால் மேல் கிடந்த பலகையைக்கூட சீட்ஸ்கே தூக்கி எறிந்துவிட்டாள்.

ரோசெட்டுக்கு இந்தச் சண்டை துளியும் புரியவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து தப்பி வந்த யூதப் பெண் அவள். அவளையும் அவள் புருஷன் மௌரிட்ஸையும் இந்த வட்டாரத்தில் ஆளுக்கொரு வீட்டில் ஒளித்துவைத்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். யார் எங்கே என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பனி கொட்ட ஆரம்பித்த சமயத்தில் வாத்தியாரையே ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"என் மௌரிட்ஸ் உயிரோட இருப்பாரா, அக்கா?" தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள்.

"இருப்பார்டி. யாராவது நல்லவங்க கையிலதான் இருப்பார்."

சொல்லி வாயை மூடவில்லை, அணைக்கரை மேல் லாரிச் சத்தம். ஊர்க்கோடி வீட்டில் நாய் குரைத்தது.

ஜெர்மன்காரர்களின் வீட்டுச் சோதனை!

சீட்ஸ்கே ஓடிப்போய்த் தரைப்பலகையைத் தூக்கினாள். அடியில் தோண்டி வைத்திருந்த குழியில் இடுப்பளவு மழைத்தண்ணீர் நின்றது.

"ஐயோ, இதுல கிடந்தா விறைச்சே செத்துப்போவியே!"

வெளியே மொட்டை வயல். எலி ஓடினால்கூடத் தெரியும். மறைவதற்கு இருக்கிற ஒரே இடம், ஹிங்கேவின் வைக்கோல் கொட்டகை.

சீட்ஸ்கே ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் பார்த்தாள். போயும் போயும் அவளிடமா? அவள் காட்டிக்கொடுத்துவிட்டால் இந்தப் பெண்ணோடு தன் உயிரும் போகும், தன் புருஷன் உயிரும் போகும்.

"நான் எங்கேயாவது ஓடிடறேன், அக்கா. என்னால உங்களுக்கு வம்பு வேணாம்."

"வாயை மூடிக்கிட்டு வாடி!"

பலகை ஏது? பாவாடையை வாரிச் செருகிக்கொண்டு இரண்டு பேரும் வாய்க்காலில் இறங்கி ஏறினார்கள்.

ஹிங்கே கொட்டகைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "என்ன அதிசயம்! எங்க வாசலை மிதிக்கறதே பாவம்னு ஊரெல்லாம் சொன்னவ நீதானே?"

"சொன்னேன். அப்புறம் ஆசை தீரத் திட்டிக்கோ. இவ யூதப் பொண்ணு. லாரி வருது. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன் ஹிங்கே, இவளை ஒளிச்சு வை!"

ஹிங்கேவின் முகம் வெளுத்துவிட்டது. "உன் வீட்லயா? இத்தனை நாளா?"

உடனே ரோசெட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வைக்கோல் கட்டை நகர்த்தினாள். பின்னால் சின்னதாக ஒரு கதவு. திறந்ததும், தாடியும் மீசையுமாக ஓர் ஆள் மிரண்டுபோய் எட்டிப் பார்த்தான்.

"மௌரிட்ஸ்!"

ரோசெட் கத்தியே விட்டாள். ஹிங்கே அவள் வாயைப் பொத்தி, உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வைக்கோலைப் போட்டு மூடினாள்.

சிப்பாய்கள் வந்தபோது இரண்டு பெண்களும் கொட்டகை வாசலில் நின்று, ஞானஸ்நானத்தைப் பற்றித் தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"பாவாடை ஏன் நனைஞ்சிருக்கு?" என்று அதட்டினான் ஒருவன்.

"இந்தப் படுபாவிதான் என்னை வாய்க்கால்ல தள்ளிவிட்டா!" என்றாள் சீட்ஸ்கே.

சிப்பாய்கள் சிரித்தார்கள். வைக்கோலை இரண்டு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

லாரிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு ஹிங்கே கதவைத் திறந்தாள். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து சீட்ஸ்கேவும் மூக்கைச் சிந்தினாள்.

"அப்போ நீ ஆராதனைக்குப் போகாதது..."

"பின்னே? இவரைத் தனியா விட்டுட்டா போறது?" என்றாள் ஹிங்கே.

சீட்ஸ்கேவுக்கு மனசு ஆறவில்லை. மௌரிட்ஸ் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, குளிர்காலம் பூரா கூப்பிடு தூரத்துல இருந்திருக்கீங்க. இந்தப் பொண்ணு உங்களை நெனச்சு நெனச்சு உருகிப் போயிட்டா. ஒரு தடவையாவது தலையை வெளியே நீட்டியிருக்கக் கூடாதா?"

மௌரிட்ஸ் தயங்கித் தயங்கி ஹிங்கேவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"வந்த அன்னிக்கே இந்த அக்கா சொல்லிட்டாங்க. ஜெர்மன்காரன் கண்ணுல பட்டாக்கூட எப்படியாவது தப்பிச்சுக்கலாம், பக்கத்து வீட்டு சீட்ஸ்கே கண்ணுல மட்டும் பட்டுடாதேன்னு!"