ஒருவருக்கு மட்டும் அனுமதி

வேலூர் வெயில் குமுதவல்லியின் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. அதனால்தான் தணிகாசலம் ஓய்வு பெற்ற மறுநாளே, மனைவியோடு போய்க் குடியேற ஒரு குளிர்ந்த நாட்டைத் தேடத் தொடங்கினார். மூன்று வருடம் அலசி, தென்கோடியில் ஒரு தீவு நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சென்னையில் அந்த நாட்டின் விசா அலுவலகம். ஒருவர் இன்னும் எத்தனை வருடம் ஆரோக்கியமாக இருப்பார் என்று கணித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனையைப் போன வாரம் எடுத்திருந்தார்கள்; அதன் முடிவை அதிகாரிப் பெண் படித்தாள்.

“சார், நீங்க இன்னும் பதினாலு வருஷம் ஆரோக்கியமா இருப்பீங்க. அம்மாவுக்கு ரெண்டு வருஷம்தான். அஞ்சுக்குக் குறைஞ்சா அங்க எடுத்துக்க மாட்டாங்க.”

எழுந்து குமுதவல்லியைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும் என்றுதான் தணிகாசலம் நினைத்தார். ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது.

“நான் மட்டும்னா எப்போ கிளம்பணும்?”

அந்தப் பெண் அவரைப் பார்க்காமல் குமுதவல்லியைப் பார்த்தாள். “அடுத்த மாசம், சார்.”

திரும்பி வரும்போது பேருந்தில் குமுதவல்லி மூச்சிரைத்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க போங்க. ஒருத்தராவது நல்லா மூச்சு விடலாமில்ல.”

‘உன்னை விட்டுட்டு எங்கடி போவேன்’ என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் போனது. வாலாஜா போனது. ஆற்காடு வந்தபோதுதான் தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அங்க புழுங்கலரிசி கிடைக்குமான்னு விசாரிக்கணும்” என்றார்.