எண்ணெய் வைத்த தலை

தீபாவளிக் காலை. புக்கிட் காத்தில் என்னும் ஊரில், வீட்டின் பின்வாசலில் குணாளன் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி பவானேஸ்வரி பின்னால் நின்று அவர் தலையில் நல்லெண்ணெய் தேய்க்கிறாள். வெந்நீர்ப் பானை ஆவி விடுகிறது. மகள் அகல்யாவுக்கு இது தலைத்தீபாவளி. மாப்பிள்ளையோடு காரில் வந்துகொண்டிருக்கிறாள். முறுக்குத் தட்டின் பக்கத்தில் கைப்பேசி அதிர்கிறது. காதெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போடுகிறார். தொழிற்சாலை சூப்பர்வைசர்தான். உடன் வேலை செய்யும் அஸ்மானுக்குக் காய்ச்சலாம், அவன் ஷிப்டுக்கு இன்று வர முடியுமா என்று மலாயில் கேட்கிறார். காதோரத் தோல் தன் விரலடியில் இழுபடுவதிலேயே, கணவர் மறுக்கத் தெரியாமல் சிரிக்கிறார் என்று பவானேஸ்வரிக்குத் தெரிந்துவிடுகிறது. "முடியாதுன்னு சொல்லுங்கலா," என்று கிசுகிசுக்கிறாள். "ஹரி ராயா பெருநாளுக்கு நீங்க அவனுக்காகப் போனீங்க. தீபாவளிக்கு அவன் போவான்னுதானே பேச்சு? புள்ள வருதுங்க." வாசலில் கார் ஹாரன் கேட்கிறது. இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் தலையை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறாள். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு, அந்தக் கைகளுக்குள்ளேயே அது மேலும் கீழுமாக ஆடுகிறது.