பாத்தேன், பாக்கல

அங்காளம்மாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாள் என்று வினிதாவுக்குப் பட்டது.

ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்தவளுக்கு முதலில் இருபது படங்கள் காட்டினார்கள். சற்று நேரம் கழித்து அவற்றோடு புதுப் படங்களையும் கலந்து காட்டினார்கள். முன்பு வந்த படம் என்றால் ‘பாத்தேன்’, புதுசு என்றால் ‘பாக்கல’. அவ்வளவுதான் பரீட்சை.

ஆரம்பத்தில் டக் டக்கென்று சரியாகத்தான் சொன்னாள். திடீரென்று மாறிவிட்டது.

குடை வந்தது. “பாக்கல.”

பூட்டு வந்தது. “பாக்கல.”

“அவசரமே இல்லம்மா. யோசிச்சு சொல்லுங்க” என்றாள் வினிதா மைக்கில்.

“யோசிச்சுதாம்மா சொல்றேன். ஞாபகம் வரல.”

வினிதாவுக்கு எரிச்சலாக இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் முப்பது வருஷமாக மீன் விற்கிறவள். காலையில் உள்ளே நுழைந்ததுமே, “நீ செம்பாக்கம் ஏரிக்கரைத் தெரு பொண்ணுதானே? உங்கம்மா சங்கரா தவிர வேற மீனே வாங்க மாட்டாங்களே” என்றவள். அவளுக்கா பத்து நிமிடத்தில் குடை மறந்துபோகும்?

வினிதாவின் பக்கத்து நாற்காலியில் அங்காளம்மாளின் கணவர் சின்னதம்பி உட்கார்ந்திருந்தார். படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு வருஷமாக மறதி. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவரை ஸ்கேன் செய்து முடித்த பிறகுதான், ஒப்பிட்டுப் பார்க்க, மறதி இல்லாத அவளைப் படுக்க வைத்தார்கள். வெளியே உட்கார வைத்தால் “அவ எங்க, அவ எங்க” என்று தவிக்கிறார் என்பதால், விதியை மீறி வினிதா அவரை உள்ளேயே உட்கார வைத்திருந்தாள். தன் பரீட்சை முடிந்ததிலிருந்து மனிதர் வாயே திறக்கவில்லை. ஸ்கேனுக்காக மனைவி கழற்றிக் கொடுத்த மூக்குத்தியைக் கைக்குள் மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் படமும் முடிந்தது.

“இவங்களுக்கு இருபதுக்கு ஆறு சார்” என்று டாக்டர் சாலமோனுக்கு போனில் சொன்னாள் வினிதா.

சின்னதம்பி நிமிர்ந்தார். மெல்லச் சிரித்தார்.

பெண்டாட்டிக்கு ஞாபகம் போனால் இவருக்குச் சிரிப்பா? நல்ல ஜோடி என்று நினைத்துக்கொண்டாள் வினிதா.

மறு வாரம் டாக்டர் சாலமோன் அவளைக் கூப்பிட்டு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

“இதப் பாரு. குடைக்கு ‘பாக்கல’ன்னு சொல்றாங்க. ஆனா ஏற்கெனவே பார்த்த படத்துக்கு மூளை எப்படி வேலை செய்யுமோ, அப்படியேதான் செஞ்சிருக்கு. அவங்க இல்லன்னு சொன்ன பதினாலு படத்துக்கும் இதே கதைதான்.”

“அப்போ எல்லாமே ஞாபகம் இருக்கா சார்?”

“இருக்கு. வெறும் மார்க்கை மட்டும் பார்த்திருந்தா மறதி நோய்னு எழுதியிருப்போம். நம்ம பரீட்சையில எங்கயோ ஓட்டை. கேள்வியை மாத்தணுமா, கேக்கிற விதத்தை மாத்தணுமான்னு அவங்கதான் சொல்லணும். கேட்டுப் பாரு.” கொஞ்சம் நிறுத்தி, “அவரை ஏன் உள்ள உட்கார வச்ச? அது தப்பு” என்றார்.

அன்று மதியமே இருவரும் வந்தார்கள். சின்னதம்பி வாசல் டீக்கடையில் நின்று யாரிடமோ வஞ்சிர மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். அங்காளம்மாள் மட்டும் உள்ளே வந்து ஒரு பையை நீட்டினாள்.

“சங்கரா. கழுவி எடுத்தாந்துகீறேன். உனக்குத்தான்.”

“எனக்கு எதுக்கும்மா?”

“அன்னிக்கு அவர உள்ள ஒக்கார வச்சியே, அதுக்கு. நீ நல்லா இருக்கணும்.”

எதற்குத் திட்டு வாங்கினாளோ அதற்கு நன்றி. வினிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அம்மா, உங்களுக்கு எல்லாப் படமும் ஞாபகம் இருந்திருக்கு. ஸ்கேன்ல தெரியுது. அப்புறம் ஏன் ‘பாக்கல’ன்னு சொன்னீங்க?”

அங்காளம்மாள் திகைத்துப்போனாள். “அதுகூடவா படத்துல தெரியுது?”

“தெரியுதும்மா.”

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவராண்ட சொல்லிடாத. அன்னிக்கு அவருக்கு ஏழுன்னு நீ போன்ல சொன்னது எங்க ரெண்டு பேர் காதுலயும் வுழுந்துச்சு. அதக் கேட்டதும் மனுசன் அப்டியே சுருங்கிப்போயிட்டாரு. அதான், உள்ள படுத்துக்கினு எண்ணினே வந்தேன். ஆறு சரியா சொன்னதும் நிறுத்திக்கினேன்.”

வினிதா டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டு வருசமா வூட்ட வுட்டு வெளிய வராத ஆளும்மா. இப்ப எனக்கு மறதி ஜாஸ்தியாம், தனியா வுடக் கூடாதாம். தெனம் கூடையத் தூக்கிக்கினு எனக்குத் தொணைக்கு வர்றாரு.”